இண்டிபெண்டன்ட் ஸ்டடி என்றால் என்ன? ஹானர்ஸ், மாஸ்டர்ஸ் சேரப்போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருந்து வரும் ஒரு பெண் தன் போனை நீட்டினாள். ஹானர்ஸ் படிப்புக்கான ஹாண்ட்புக், அதில் ஒரு வரி: இண்டிபெண்டன்ட் ஸ்டடி, 16 கிரெடிட். “அக்கா, மத்த பாடத்துக்கெல்லாம் லெக்சரர் பேரு இருக்கு, டைம்டேபிள் இருக்கு. இதுக்கு ஒண்ணுமே இல்லையே, வீட்டுலயே உக்காந்து படிச்சுட்டு கடைசில எழுதிக் குடுத்தா போதுமா?” என்று கேட்டாள். அன்றைக்கு அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. டர்பனில் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் குடும்பத்திலேயே முதல் ஆளாக ஹானர்ஸ், மாஸ்டர்ஸ் என்று போகிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை, அதனால் மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரே குழப்புகிறது. தனியாகப் படிப்பது என்று நேராக அர்த்தம் எடுத்துக்கொண்டால் தப்பாகப் போய்விடும். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பொருளை நீங்கள் எடுக்கிறீர்கள், அதைச் சொல்லித்தர வகுப்பு கிடையாது, ஆனால் ஒரு பேராசிரியர் உங்களுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறார், இருவரும் சேர்ந்து என்ன படிப்பது, எப்போது சந்திப்பது, என்ன எழுதிக் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி முடிவு செய்கிறீர்கள், அந்த எழுத்துக்குத் துறை ஒப்புதல் கொடுக்கிறது. மற்ற பாடங்களில் சிலபஸ் உங்கள் கைக்குத் தயாராக வருகிறது, இதில் சிலபஸை எழுதுவதே நீங்கள்தான். சில துறைகளில் இதை டைரக்டட் ரீடிங் என்பார்கள், சிலவற்றில் ஸ்பெஷல் டாபிக் என்பார்கள். சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும், அடிப்படை ஒன்றுதான்.

இது எந்தப் படியில் வருகிறது என்று தெரிய, தென்னாப்பிரிக்காவின் ஏணியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பி.ஏ. முடித்தவர் நேராக எம்.ஏ. சேர்கிறார். இங்கே மூன்று வருட பி.ஏ. என்பது தேசியத் தகுதிச் சட்டகத்தில் 7-ஆம் நிலை. அதற்கு மேலே ஹானர்ஸ் என்று தனியாக ஒரு வருடம், அது 8-ஆம் நிலை. மாஸ்டர்ஸ் 9, டாக்டரேட் 10. மூன்று வருடப் பட்டத்தோடு சென்னையில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ இங்கே வருபவர்களுக்கு, நான்காவது வருடம் ஒன்று குறைகிறது என்று சொல்லி ஹானர்ஸில் சேரச் சொல்வது சாதாரணமாக நடக்கும். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உண்மையில் ஆராய்ச்சி எழுதப் பழகும் இடமே அந்த ஒரு வருடம்தான்.

அடுத்தது கிரெடிட். இங்கே 1 கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் இல்லை, வாசிப்பது, குறிப்பெடுப்பது, எழுதுவது, திருத்துவது எல்லாம் இதில் சேரும். ஹானர்ஸ் 120 கிரெடிட், மாஸ்டர்ஸ் 180, டாக்டரேட் 360. அப்படியானால் அந்தப் பெண் காட்டிய 16 கிரெடிட் என்பது 160 மணி நேரம். ஒரு செமஸ்டரை 13 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல். இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. வகுப்பு இல்லை என்பதால் லேசான பாடம் என்று நினைத்திருந்தாள். வகுப்பு இல்லாததால்தான் அந்த 12 மணி நேரத்தையும் நாமே காலண்டரில் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. செவ்வாய் மாலை, சனி காலை என்று நாள் குறிக்காதவர்கள் ஏப்ரல் விடுமுறை வரும்போது ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

இணையத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் படித்துவிட்டு, அங்கே 3 கிரெடிட்தான், இங்கே மட்டும் ஏன் 16 என்று கேட்பவர்கள் உண்டு. எண் வேறு, அளவு ஏறக்குறைய ஒன்று. அங்கே 1 கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதோடு வெளியே இரண்டு மணி நேரம் படிப்பு, 15 வாரம். மொத்தம் சுமார் 45 மணி நேரம். 3 கிரெடிட் என்றால் 135. ஐரோப்பியக் கணக்கில், பிரெஞ்சு முறையில் நடக்கும் ரீயூனியன் தீவையும் சேர்த்து, ஒரு வருடம் 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேரம். நாடு மாறிப் படிக்க நினைப்பவர்கள் எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல் மணி நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

சரி, ஹானர்ஸ் அல்லது மாஸ்டர்ஸ் சேர்ந்த ஒருவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? கட்டாயப் பாடங்கள் இருக்கும், அவற்றில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை, ஆய்வுமுறை பற்றிய பாடம் அநேகமாக அதில் ஒன்றாக இருக்கும். விருப்பப் பாடங்கள் இருக்கும், ஆனால் ஹாண்ட்புக்கில் பத்து இருந்தால் அந்த வருடம் நடப்பது நான்கோ ஐந்தோதான், லெக்சரர் லீவில் போனாலோ ஆள் சேராவிட்டாலோ நடக்காது. சில துறைகள் பக்கத்துத் துறையில் ஒரு பாடம் எடுக்க விடும், வரலாறு படிப்பவர் மொழியியலில் ஒன்று எடுக்கலாம், இரண்டு துறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆய்வுத் திட்டம். ஹானர்ஸில் குறைந்தது 30 கிரெடிட் ஆய்வுக்கு. மாஸ்டர்ஸில் இரண்டு வகை: பாடங்களும் குறு ஆய்வேடும் சேர்ந்தது ஒன்று, அதில் ஆய்வுக்குக் குறைந்தது 60 கிரெடிட், 180-ம் ஆய்வேட்டுக்கே போவது இன்னொன்று. டாக்டரேட்டில் பாடம் எடுக்கச் சொன்னாலும் அது தயாரிப்புக்காகத்தான், பட்டத்தின் கிரெடிட்டில் சேராது.

இண்டிபெண்டன்ட் ஸ்டடி இந்த விருப்பப் பாடத்துக்கும் ஆய்வேட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆய்வேட்டை விடச் சின்னது, வகுப்புப் பாடத்தை விட உங்களுடையது. எல்லாத் துறையும் இதைத் தருவதில்லை, தரும் துறைகளிலும் ஒன்றுக்கு மேல் எடுக்க விடமாட்டார்கள். அடுத்த வருடம் ஒரு பெரிய ஆய்வுக்குப் போக நினைப்பவர்கள், அந்தப் பொருள் தாங்குமா என்று இதில் ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இதன் பெரிய பயன் அதுதான். பட்டியலில் உள்ள ஒரு நல்ல விருப்பப் பாடம் உங்கள் ஆசைக்கு முக்கால்வாசி பொருந்தினாலும் அதையே எடுங்கள், கூடப் படிப்பவர்களோடு உட்கார்ந்து வாதம் பண்ணுவதில் கிடைப்பது தனியாக இருந்தால் கிடைக்காது. உங்கள் கேள்விக்குப் பட்டியலில் இடமே இல்லை என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

நம்மவர்களுக்கு அந்த நிலை அடிக்கடி வருகிறது. டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் 1961-இல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கினார்கள். நிறவெறி ஆட்சி ஒதுக்கிவைத்துக் கட்டிய கல்லூரிதான், ஆனாலும் அங்கேயும், அது பிறகு வளர்ந்து டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக ஆனபோதும், தமிழ் ஒரு பாடமாக இருந்தது. பின்னால் அந்த இந்திய மொழித் துறைகள் மூடப்பட்டன. 2004-இல் அந்தப் பல்கலைக்கழகம் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. இன்று ஒரு பிள்ளைக்கு நம் கோயில் பதிவேடுகளைப் பற்றியோ, தாத்தா பாட்டி பேசிய தமிழைப் பற்றியோ ஆராய ஆசை வந்தால் போய் உட்கார ஒரு வகுப்பு இல்லை. வரலாறு, மொழியியல், மதவியல் என்று ஏதாவது ஒரு துறைக்குள் நின்றுகொண்டு, அந்தப் பாடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இது எனக்கு மனதில் கனமாகவே இருக்கும் விஷயம். அதனால்தான் இந்த 16 கிரெடிட் வரியைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடக்கூடாது என்று இவ்வளவு சொல்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருவோம். கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. பதிவு செய்யும் வாரத்தில் போய்க் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது, முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே பேச ஆரம்பியுங்கள். முதலில் துறையின் போஸ்ட்கிராஜுவேட் கோஆர்டினேட்டரிடம் இது உண்டா, எத்தனை கிரெடிட், கடைசித் தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் உங்கள் பொருளுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு பேராசிரியரைத் தேடுங்கள். அவர் எழுதிய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டுப் போக வேண்டும், படித்தவரையும் படிக்காதவரையும் அவர்கள் முதல் இரண்டு வரியிலேயே கண்டுகொள்வார்கள். இண்டிபெண்டன்ட் ஸ்டடி எடுத்து நடத்துவதற்கு அவர்களுக்குத் தனி நேரமோ பணமோ கிடைப்பது அரிது, பெரும்பாலும் தங்கள் சொந்த நேரத்தில் இருந்துதான் தருகிறார்கள். அதனால் எனக்கு ஒரு தலைப்பு கொடுங்கள் என்று வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு பக்கத்தோடு போக வேண்டும்.

அந்த ஒரு பக்கம்தான் எல்லாம். அந்தப் பெண்ணோடு சேர்ந்து நான் எழுதிப் பார்த்ததையே சொல்கிறேன்.

அவளுக்கு ஆசை, கப்பல் பட்டியல்களைப் பற்றி எழுத வேண்டும் என்று. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸில் இருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது, அதில் ஆரம்பித்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனியில், வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். பட்டியலில் அந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். எழுதியவர்கள் குமாஸ்தாக்கள், காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ஒரே முனிசாமி ஒரு வரியில் மூன்சாமி, இன்னொரு வரியில் முன்சாமி, வேறொன்றில் மூனியசாமி. பழனி என்று எழுத ‘ழ’வுக்கு எழுத்து கிடையாது, அதனால் ‘ல’ வந்து உட்கார்ந்துவிடும். அப்படி எழுதப்பட்ட பெயர் ஒரு தலைமுறை கழித்து குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதனால்தான் டர்பனில் மூன்சாமி என்றும் முன்சாமி என்றும் தனித்தனிக் குடும்பங்கள், இரண்டு வீட்டுப் பெரியவரும் முனிசாமியாகவே இருந்திருந்தாலும்.

அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்த தலைப்பு, நேட்டாலுக்கு வந்த தமிழர்களின் பெயர்களும் வரலாறும். இது ஒரு ஆயுள் வேலை, 160 மணி நேரத்துக்குள் அடங்காது. உட்கார்ந்து சுருக்கினோம். மூன்று கப்பல்கள் என்று ஆனது. கேள்வி இப்படி நின்றது: மதராஸில் இருந்து வந்த மூன்று கப்பல்களின் பட்டியலில் தமிழ் ஆண் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எப்படியெல்லாம் மாறுகிறது, எந்தெந்த மாற்றங்களில் இருந்து மூலப் பெயரை நிச்சயமாகத் திரும்ப எடுக்க முடியும்? இதில் ஒரு எல்லை இருக்கிறது, எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது, தமிழ் தெரிந்தவர் மட்டும் செய்யக்கூடியதும் இருக்கிறது.

கேள்விக்குக் கீழே வாசிப்புப் பட்டியல், ஒப்பந்தக்கூலி வரலாறு பற்றி ஆறு, பெயர்களும் எழுத்துமாற்றமும் பற்றி நான்கு. இருபது புத்தகம் போட்டால் நல்லா இருக்கும் என்று அவள் நினைத்தாள், பத்தை முழுசாகப் படிப்பதே ஒரு செமஸ்டருக்குப் பெரிய விஷயம். அதன் கீழே மூலங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு வரி: வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். கையில் கிடைக்கும் மூலம் என்று காட்டிவிட்டால் பேராசிரியருக்குப் பாதிக் கவலை போய்விடும். அப்புறம் சந்திப்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம், ஒவ்வொரு சந்திப்புக்கும் முந்தைய நாளே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிவிட வேண்டும். கடைசியாக மதிப்பெண்: ஐந்தாவது வாரம் வாசிப்பு அறிக்கை 20 விழுக்காடு, ஒன்பதாவது வாரம் பெயர் அட்டவணை 20, செமஸ்டர் முடிவில் 6000 சொல் கட்டுரை 60. எதை எப்போது கொடுத்தால் எத்தனை மதிப்பெண் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பேச்சில் இருந்தால் போதாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் மாஸ்டர்ஸ் படித்தபோது இப்படி ஒரு பாடம் எடுத்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். பேராசிரியர் நல்ல மனிதர், தாழ்வாரத்தில் நின்று பேசி, சரி செய்யலாம் என்று கைகுலுக்கினோம். நான்கு மாதம் படித்தேன், எழுதினேன். நடுவில் அவர் ஆய்வு விடுப்பில் வெளிநாடு போனார். கட்டுரையைக் கொடுக்கப் போனபோது, அலுவலகத்தில் என் பெயருக்கு எதிரே அப்படி ஒரு பாடமே பதிவாகவில்லை, ஒப்புதல் கடிதம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் கடிதம் இல்லை. அடுத்த செமஸ்டரில் வேறொரு விருப்பப் பாடத்தைக் கட்டணம் கட்டி எடுத்துத்தான் கிரெடிட்டை நிரப்பினேன். அந்தக் காசு என் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்தது. கையெழுத்துப் போட்ட ஒரு தாள், பதிவுச் சீட்டில் பாடத்தின் குறியீட்டு எண், இந்த இரண்டும் கைக்கு வராமல் முதல் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.

பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது என்றால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள், நல்ல கேள்வி. ஆய்வுமுறையும் வரலாறும் அவர் பார்த்துக்கொள்வார், தமிழ்ப் பகுதியைச் சரிபார்க்க இரண்டாவது வாசகர் ஒருவரை அந்த ஒரு பக்கத்திலேயே முன்மொழியலாம். வேறு பல்கலைக்கழகத்தில் தமிழ் தெரிந்தவர், மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் போன்ற இடத்தில் தமிழ் கற்பிப்பவர் என்று யாராவது. அவர் ஒத்துக்கொண்டார் என்று முன்பே ஒரு மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொண்டால் துறை மறுக்க யோசிக்கும். பேராசிரியர் படிக்க முடியாத மூலம் ஒவ்வொன்றுக்கும் எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும். அந்த உழைப்பையும் 160 மணி நேரத்துக்குள் கணக்கிடுங்கள்.

இன்னொரு விஷயம், பலர் மாட்டிக்கொள்வது. பாட்டியிடம் பேட்டி எடுத்து எழுதலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். மனிதர்களிடம் பேசித் தகவல் திரட்டுவதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும், சொந்தப் பாட்டியாக இருந்தாலும். படிவம், ஒப்புதல் கடிதம், கேள்விப் பட்டியல் எல்லாம் போய் அனுமதி வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். பேட்டியை எடுத்துவிட்டுப் பின்தேதியிட்டு அனுமதி கேட்க முடியாது, அந்தப் பேட்டி பயன்படாமலே போகும். 13 வாரப் பாடத்துக்கு ஆவணம், பத்திரிகை, கல்வெட்டு, ஏற்கெனவே வெளியான எழுத்து என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பாட்டியின் குரல் மாஸ்டர்ஸுக்கு இருக்கட்டும். ஆனால் வயதானவர்கள், காத்திருக்க நமக்கு நேரம் இல்லை என்றால் குடும்பத்துக்காக இன்றைக்கே போனில் பதிவு செய்து வையுங்கள், அது வேறு கணக்கு.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. யூனிசா என்று நாம் சொல்லும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் தபால்வழிக் கல்வி தருகிறது. நெல்சன் மண்டேலா அதன் வழியே சட்டப் பட்டத்தைச் சிறையில் இருந்தபடியே படித்து 1989-இல் முடித்தார். அங்கே பட்டத்தில் சேராமலேயே ஒன்றிரண்டு பாடம் மட்டும் பதிவு செய்யவும் வழி உண்டு, ஹானர்ஸுக்குத் திரும்பப் போகலாமா என்று தயங்குபவர்கள் அப்படி ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஆனால் தொலைக்கல்வியும் இண்டிபெண்டன்ட் ஸ்டடியும் ஒன்று என்று நினைக்காதீர்கள். தொலைக்கல்வியில் எல்லோருக்கும் ஒரே பாடப் புத்தகம், ஒரே தேர்வு, நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். மற்றதில் பேராசிரியர் பக்கத்து அறையில் இருக்கலாம், பாடம் உங்களுக்கு மட்டுமே உரியது.

பணம்: இதற்கும் மற்றப் பாடத்தைப் போலவே கட்டணம், வகுப்பு இல்லை என்று குறைக்க மாட்டார்கள். பி.ஏ.வுக்கு அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவி கிடைத்தவர்கள் ஹானர்ஸுக்கும் அது தொடரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், முதுநிலைக்கு தேசிய ஆராய்ச்சி நிறுவனமான என்.ஆர்.எஃப். தரும் உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதன் கடைசித் தேதி முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். உதவித்தொகை வாங்குபவர்கள், பாடப் பட்டியலை மாற்றுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

அந்தப் பெண் போன வாரம் அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்த்தாள். அவர் பேனாவை எடுத்து ‘மூன்று கப்பல்கள்’ என்பதில் மூன்றை அடித்து ஒன்று என்று எழுதினாராம், வாசிப்புப் பட்டியலில் ஒரு புத்தகத்தைச் சேர்த்தாராம், கோஆர்டினேட்டரின் கையெழுத்துக்கு இடம் விட்டு மறுபடி தட்டச்சு செய்து வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவா என்றாராம். எந்தக் கப்பல் என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் தன் கொள்ளுத்தாத்தா வந்த கப்பலைத் தேடிக்கொண்டிருக்கிறாள், காலனி எண் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.